வேர்க்கடலைக் கொல்லையில் கிடை

அந்த ஆடியில் எங்கள் ஊருக்கு மழை வரவில்லை. மேட்டுக் கொல்லையில் அண்ணி விதைத்திருந்த வேர்க்கடலை பூத்தது. ஆனால் பூவிலிருந்து இறங்கிக் காயாகும் விழுதுகள் மண்ணுக்குள் போகவில்லை. மண் அவ்வளவு இறுகிக் கிடந்தது. பயிர் பிழைக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. அண்ணன் இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். இந்த வெள்ளாமையும் போனால் கொல்லையைக் கன்டெய்னர் லாரிகள் நிறுத்த வாடகைக்கு விட்டுவிடுவது என்று சொல்லியிருந்தார். பக்கத்துக் கொல்லைகளில் ஏற்கெனவே ஜல்லி கொட்டியாயிற்று.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி ஓட்டிவந்த கீதாரி ஒருவர் ஏரிக்கரையில் தங்கியிருந்தார். தன் ஊரில் கண்மாய் வறண்டதால் கிளம்பியவர். இங்கே அவர் வழக்கமாக மேய்க்கும் புறம்போக்கைச் சுற்றி இந்த வருடம் மதில் எழும்பியிருந்தது. ஒரு காலை அவர் ஆடுகள் எங்கள் கொல்லையில் இறங்கின. அண்ணி ஒரு தாயாட்டைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டினார். பயிரில் மேய்ந்த ஆட்டைக் கட்டிவைத்தால் உடையவர் வந்து பேசியாக வேண்டும். அதுவரை கட்டியவர் தண்ணீர் காட்ட வேண்டும். அண்ணி தன் குடத்துத் தண்ணீரையே ஊற்றி வைத்தார்.

கீதாரி வந்தார். பால்குடிக் குட்டி தாயைத் தேடிக் கத்துகிறது, அவிழ்த்துவிடுங்கள் என்றார். மேய்ந்த பயிருக்கு யார் பதில் சொல்வது என்று அண்ணி கேட்டார். அவர் கொல்லையை ஒரு முறை பார்த்தார்.

"மேயிறதுக்கு இதுல என்ன இருக்கு ஆத்தா? செத்த பயிருக்குல்ல காவல் இருக்கீக."

நான் குறுக்கே பேசப் போனேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். பிஞ்சு இல்லை. நாலடி தள்ளி இன்னொன்று. அதிலும் இல்லை. மண்ணை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"இங்க கிடை போடுவியா? ராத்திரிக்கு ஆட்ட இங்கியே அடைச்சி வையி, எரு எங்களுக்கு. தழைய மொத்தமும் மேய்ச்சிக்கோ. கூலின்னு மட்டும் கேக்காத."

"வைஞ்சுபுட்டு விருந்துக்குக் கூப்பிடுறீக," என்று கீதாரி சிரித்தார். ராத்திரிச் சோறு உண்டா என்றார். அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா என்றபடி அண்ணி ஆட்டை அவிழ்த்துவிட்டார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அண்ணன், கொல்லையில் கிடை வலை கட்டியிருப்பதைப் பார்த்தார். வாடகை பேசி முடிக்க லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவாரே என்றார்.

"கொள்ளு வெதைக்கப் போறோம்னு சொல்லுங்க. பொரட்டாசில ஒரு மழ போதும் அதுக்கு."

"அதுவும் பெய்யலன்னா?"

"ஆட்டெரு எங்கியும் ஓடிடாது. கொல்லையிலதான் கெடக்கும்."

அண்ணன் வலை ஓரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார்.

கிடை அன்றாடம் இடம் மாறியது. மேய்ந்து முடித்த பகுதி கறுப்பாக, புழுக்கையும் மூத்திர நெடியுமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் வரப்பில் நின்று கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். எப்போது காலியாகும் என்று கேட்டார். அண்ணி அண்ணனைப் பார்த்தார்.

"காலியாவாதுங்க," என்றார் அண்ணன். "கொள்ளு வெதைக்கறோம்."