எண்ணெய் மணத்த சோறு

களத்தில் நின்று குறை பேசினால் பரக்கத், விளைச்சலின் அருள், போய்விடும் என்பது எங்கள் இறக்காமத்து வழக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில், கணவர் மௌத்தான பிறகு வயலை நானே செய்தேன். கல்முனையிலிருந்து வந்த மெசின்காரத் தம்பிதான் கதிரின் மேல் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்துத் தருவார். பிரீதர் என்று அவர்கள் சொல்லும் எஞ்சினின் மூச்சுக்குழாய் நெல்லில் எண்ணெய் சொட்டியது. சோறாக்கிய பிறகே மணம் தெரிந்தது. விற்க முடியாத அந்த நெல்லை வருடம் முழுக்க நாங்களே தின்றோம்.

அடுத்த போகமும் அவரே வந்தார், குழாயும் சொட்டியது. வாயால்தானே சொல்லக்கூடாது? மிச்சமிருந்த அந்த எண்ணெய் அரிசியில் சோறாக்கிப் பகலுக்கு வைத்தேன்.

ஒரு பிடி தின்றவர் நிமிர்ந்தார். "என்ன ராத்தா, எண்ணெய் மணக்குது?"

"போன போகத்து நெல்லு, தம்பி."

டிராக்டரைத் திரும்பிப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு, களத்தோரம் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழை கறுத்துக்கொண்டு வந்தது. பாதி மிதித்த சூட்டோடு நின்ற எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

ரப்பர் குழாயும் பால்மா டின்னுமாகத் திரும்பி வந்தார். பிரீதரில் குழாயை மாட்டி, மறுமுனையை டின்னுக்குள் விட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார். "எஞ்சின் மூச்சு உடோணும் ராத்தா, இல்லாட்டி வேற வழியால கக்கும்."

மழைக்கு முன் வேலை முடிந்தது. டின்னைத் திறந்தால் அடியில் கறுப்பு எண்ணெய். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், மிச்சம் வைத்த சோற்றைக் கேட்டார்.

"வேணாம் தம்பி, புதுசா ஆக்கித் தாறன்."

"நான் ஊத்தினதுதானே" என்று கடைசிப் பருக்கை வரை தின்றார்.

குத்திக்காட்டத்தான் அந்தச் சோற்றை வைத்தேன். அவர் தின்னும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.