அரை ஸ்பூன் சீனியில் கியூபா காபி

என் கணவர் இரவு ஷிஃப்ட் முடிந்து சூளகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது, என்னை என் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் பஸ் எங்கள் தெருவை நோக்கிப் புறப்பட்டிருக்கும். நடுவில் கிடைக்கும் காபி நேரம்தான் எங்கள் குடித்தனம். மற்ற நேரமெல்லாம் ஒருவர் தூங்குவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

அந்தக் காபியில்தான் டாக்டர் கை வைத்தார். சுகர் ஏறிவிட்டது, சீனியை விடாவிட்டால் அடுத்து இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். இரும்புத் தகட்டை மடக்குகிற பிரஸ் முன்னால் பயமில்லாமல் நிற்கிற மனுஷனுக்கு ஊசி என்றால் முகம் வெளிறிவிடும். அப்படியும் சீனியை விட மனசு வரவில்லை. நான் குறைத்துப் போட்டால் டம்ளரைத் தள்ளி வைப்பார். ஒரு நாள் சத்தமே போட்டார்.

“அந்த ஒரு காபியும் இல்லன்னா நான் என்னாத்துக்கு ஊட்டுக்கு வரணும்?”

எனக்குச் சுருக்கென்றது. சீனிக்காகத்தான் வீட்டுக்கு வருகிறாரா? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்தச் சமயத்தில் மாடி வீட்டுப் பெண் பெங்களூருக்குக் குடிபோனாள். அமெரிக்காவில், கியூபாக்காரர்கள் நிறைய இருக்கிற ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். போகும்போது ஒரு அலுமினியக் காபிப் பாத்திரத்தைக் கொடுத்தாள். அடியில் தண்ணீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால் டிகாக்‌ஷன் மேலே ஏறி வரும். முதலில் வருகிற சில சொட்டுகளைச் சீனியில் விட்டு, வெளுக்கும்வரை அடித்து, மீதியை அதன்மேல் ஊற்றினால் நுரை கட்டும்.

“அங்க சீனிய அள்ளிக் கொட்டுவாங்கக்கா. நீங்க கொஞ்சமாப் போட்டு நல்லா அடிங்க. நுரைதான் முதல்ல நாக்குல படும், குறைச்சதே தெரியாது” என்றாள்.

முதல் நாள் எங்கள் சிக்கரி கலந்த தூளையே போட்டு, ஃபில்டரில் அழுத்துகிற மாதிரி அழுத்தி வைத்துவிட்டு, குக்கர் புத்தியில் விசில் வரட்டும் என்று காத்திருந்தேன். விசில் எங்கே வரும்? பக்கத்து ஓட்டை வழியாக ஆவி சீறி, சுவரெல்லாம் காபி தெறித்தது. அவர் எட்டிப் பார்த்து, “எங்க பாய்லருகூட இவ்ளோ சத்தம் போடாது” என்று சிரித்தார். துடைத்தது நான்தான்.

பிறகு மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாட்டுச் சர்க்கரை வெளுக்கவே இல்லை. அதுவும் சர்க்கரைதானே என்று கிளினிக் நர்ஸ் வேறு திட்டினாள். சர்க்கரை இல்லாமலே இனிக்கிற சீனித்துளசி இலைப் பொடி மட்டும் போட்டால் நுரை எழவில்லை, நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அரை ஸ்பூன் சீனி, ஒரு சிட்டிகை சீனித்துளசி, ஆடை எடுத்த பால் கொஞ்சம் என்று நின்றது. நுரையும் வந்தது. ஆனால் கை விட்டுப்போகும் அளவுக்கு அடிக்க வேண்டும். லைனில் நின்று நாள் முழுக்க ஸ்க்ரூ முடுக்குகிற அதே கை.

அவர் ஹாலில் உட்கார்ந்திருப்பார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் அடித்துக்கொண்டிருப்பேன். டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். “நல்லாருக்கா?” என்று செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டால், “ம்” என்பார். இவ்வளவு பாட்டுக்கும் ஒரு “ம்” தானா என்று பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சுகர் கொஞ்சமும் இறங்கவில்லை. டாக்டர் கடைசியாக இன்னொரு மாதம் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், பஸ் இறங்குகிற இடத்துப் பேக்கரியில் தினமும் சர்க்கரை தூக்கலாக டீ குடிப்பதாகத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துவிட்டது.

மறுநாள் காலை நான் எதையும் அடிக்கவில்லை. மூன்று ஸ்பூன் சீனியே போட்டுக் கொடுத்துவிடுவோம், என் கையாவது தப்பிக்கும் என்று நினைத்தேன். டிகாக்‌ஷனையும் பாலையும் கலந்து இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தேன். வேப்பனப்பள்ளியில் மாமரத்துக்கு மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் தன் தம்பி புலம்புவதை அவர் சொன்னார். புதுச் சூப்பர்வைசர் பாத்ரூம் போனால்கூட முறைப்பதை நான் சொன்னேன். அவர் டம்ளர் காலியாகிவிட்டது. பேச்சு வாக்கில் அப்போதுதான் என் டம்ளரை வாயில் வைத்தேன். ஒரே கசப்பு.

“ஐயோ, சீனியே போடலியே!”

“முதல் வாயிலயே தெரிஞ்சிது.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவர் காலி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவ.”