மொட்டை மாடியில் வாசவன் கலந்த மண்

பூச்சாக்கல் கடைத்தெருவில், நிஸாரின் உரக்கடை வாசலில் நின்றபடி வாசவன் அந்தக் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். செங்கல் அளவு இருந்தது, கனம்தான் இல்லை. கண்ணாடித் தாள் சுற்றி, மேலே ஒரு வெள்ளைக்காரி தக்காளியை முகர்ந்து பார்த்துச் சிரிக்கிற படம் போட்டிருந்தான்.

"என்னடா இது?"

"கோகோ பீட் முதலாளி. தண்ணியில போட்டா சட்டி நெறையப் பொங்கும். மாடியில செடி வைக்கிறவங்க எல்லாம் இதத்தான் மண்ணோட கலக்குறாங்க."

"நம்ம சகிரிச்சோறுதானே?"

"அதேதான். கழுவிப் பதப்படுத்தினது."

"குப்பையக் குளிப்பாட்டி விக்கிறானுங்களா!" என்றார் வாசவன். செத்த எலியை வாலைப் பிடித்து எறிகிற மாதிரி அதைத் திரும்ப அடுக்கில் போட்டார்.

அவருக்குக் குமட்டியது நியாயம்தான். தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்த பிறகு உதிர்கிற தூள்தான் சகிரிச்சோறு. அதிலேயே கிடந்து புரண்டு ஆளானவர் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கழுத்தளவு காயல் தண்ணீரில் இறங்கி, மாதக்கணக்கில் ஊறி அழுகின மட்டையைச் சேற்றோடு வாரிக் கரையில் போட்டவர். முட்டை அழுகின அந்த நாற்றம் கல்யாண மாலையையும் மீறி அடித்ததாம். சுலோசனா முதல் ஒரு வாரம் சுவரைப் பார்த்துத்தான் படுத்தாள். அப்படிப்பட்டவர் அதே கரையில் சொந்தமாக நார்க் களம் போட்டார், இயந்திரம் வாங்கினார், இரண்டு மாடி கட்டினார். அப்பன் சேர்த்து வைத்த ஒரு பிடி மண் கிடையாது, எல்லாம் தன் கை. இந்தக் கரையில் அப்படிச் சொல்லிக்கொள்ள இன்னொருத்தன் இருந்தால் முன்னால் வரட்டும். களத்தில் மலைபோல் குவிந்த தூளை அப்புறப்படுத்த ஆளுக்குக் கூலி கொடுத்தவர், அதையே இப்போது காசு கொடுத்து வாங்குவதா?

"இந்த வெள்ளைப் பொரி என்ன?" என்று இன்னொரு பொட்டலத்தைக் காட்டினார்.

"பெர்லைட். மண்ணு இறுகாம உள்ள காத்து போகும்."

"மண்ணுக்கு மூச்சு முட்டுதாக்கும். ஆஸ்பத்திரியில சேர்த்துடலாமேடா."

செடிப் பையும் சீரை என்கிற சிவப்புக் கீரை விதையும் வேப்பம் புண்ணாக்கும் எலும்புத்தூளும் சுண்ணாம்பும் மட்டும் வாங்கிக்கொண்டு அவர் நடையைக் கட்டினார்.

செடி வளர்க்கிற ஆசை அவருக்கு அந்த வயதில் வந்தது பூவைப் பார்த்தோ காயைப் பார்த்தோ அல்ல. மாடியைக் காப்பாற்றத்தான். முட்டி தேய்ந்து களத்தை விற்ற பிறகு அவருக்கென்று மிஞ்சிய இடம் வீட்டு மொட்டை மாடி ஒன்றுதான். கீழே முற்றம் முழுக்க மருமகள் ஷைனி சிமென்ட் கல் பாவிவிட்டாள்; உள்ளே போனால் பவுடர் வாசனை, டிவியில் ஒப்பாரி. மாடியில் ஏறினால் காயல் தெரியும், காற்று வரும், வெற்றிலை போட்டுத் துப்பலாம், கேட்க ஆள் கிடையாது. அந்த மாடி முழுக்கத் தகரக் கூரை போட வேண்டும் என்று ஷைனி கிளம்பினாள். அவள் படுக்கையறை மழைக்கு ஒழுகுவது உண்மைதான். ஆனால் மொத்தத்தையும் மூடினால் வாசவன் எங்கே போவார்?

"அங்க நான் தோட்டம் போடப்போறேன்" என்று அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

மஸ்கட்டிலிருந்த மகன் அஜயன் போனில் பஞ்சாயத்து பண்ணினான். "அச்சன் போட்டுப் பாக்கட்டும் ஷைனி. மழைக்கு முந்தி வீட்டுக்கு ஒரு நேரம் எல்லாரும் உக்காந்து சாப்பிடற மாதிரி கறி அதுல வந்தா, கூரை வேண்டாம். வரலேன்னா நீ கூரை போட்டுக்கோ. ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

சம்மதம் என்றார் வாசவன். கீரை முளைக்க வைக்கிறது ஒரு வித்தையா?

அந்தக் கரை மண் சர்க்கரை மாதிரி வெளுத்த மணல். ஊற்றின தண்ணீர் அப்படியே ஓடிவிடும். தண்ணீரைப் பிடித்து வைக்க நார்த்தூள் இல்லாமல் முடியாது என்பது அவருக்கே தெரியும். விற்ற களத்தின் ஓரத்தில், உப்பங்கழியை ஒட்டி, பழைய தூள் குன்றாகக் கிடந்தது. புதுச் சொந்தக்காரன், எடுத்துத் தொலைத்தால் புண்ணியம் என்றான். பெட்டி ஆட்டோவில் சாக்குச் சாக்காக அள்ளி வந்து மாடியில் கொட்டினார். கூடவே பக்கத்து வீட்டுத் தொழுவத்திலிருந்து ஈரம் காயாத சாணம். வீடு கட்டினபோது மிஞ்சிய செம்மண். எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி, சுண்ணாம்பையும் மேலே தூவி, மண்வெட்டியால் புரட்டினார்.

பச்சைச் சாணத்தில் சுண்ணாம்பு பட்டதும் ஒரு நெடி கிளம்பியது. பழைய மூத்திரப் புரையில் தலையை விட்ட மாதிரி. கண்ணில் நீர் கொட்டியது. படியில் ஏறி வந்த சுலோசனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னத்தையாவது கொன்னு பொதைச்சிருக்கீங்களா?"

"ஒரம்டீ. வீரியம் அப்படித்தான் இருக்கும்."

"இந்த நாத்தம் போகணும்னுதானே மாடி வீடு கட்டினீங்க? இப்ப நாத்தத்துக்கும் மாடி கட்டிக் குடுத்துட்டீங்க!"

போதாததற்கு, யாரோ சொன்னார்கள் என்று மத்தி மீனையும் வெல்லத்தையும் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு மூடி வைத்தார். கரைத்துத் தெளித்தால் செடி பிய்த்துக்கொண்டு வளருமாம். மூடி சரியாகப் பொருந்தவில்லை. ஊரிலுள்ள ஈக்கெல்லாம் தகவல் போனது. பீப்பாயின் விளிம்பில் வெள்ளைப் புழு நெளிந்து நெளிந்து வெளியே விழுந்தது. வாசவனே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பக்கத்தில் போவார். ஆனால் சுலோசனா பார்க்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு, சந்தனம் அரைக்கிற முகத்தோடு நின்றார்.

விதை முளைத்தது. சிவப்பாக, ஊசி முனை மாதிரி. அவர் தெருவில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வாரத்தில் இலை நுனி கருகியது, அப்புறம் தண்டு சுருண்டது, அப்புறம் பையில் ஒன்றுமில்லை. பட்டினி போலும் என்று இன்னும் சாணம் போட்டு மறுபடி விதைத்தார். இந்த முறை முளையே பாதிதான் வந்தது. அதுவும் போய்ச் சேர்ந்தது.

ஷைனி துணி காயப்போட மேலே வந்தாள். ஒரு கையில் வாளி, ஒரு கை மூக்கில்.

"அச்சா, கூரை போடற ஜோஷிகிட்ட அளவெடுக்க வரச் சொல்லவா? தகரம் வெலை ஏறுதாம்."

"மழைக்கு இன்னும் நாள் கெடக்கு."

"செடி எங்க அச்சா?"

"மண்ணுக்குள்ள இருக்கு."

"அங்கயே இருக்கட்டும், பாவம். வெளிய வந்தா இந்த நாத்தத்துல அதுக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிவிட்டு அவள் துணியை எல்லாம் திரும்பக் கீழேயே கொண்டுபோனாள்.

அந்த ஏச்சு அவருக்கு நெஞ்சில் தைத்தது. மட்டையில் பிறந்து மட்டையில் வளர்ந்தவனைப் பார்த்து, நேற்று வந்தவள் சிரிக்கிறாள். பைகளின் நடுவே குந்தி உட்கார்ந்தார். மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சுண்ணாம்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். விரலால் சுரண்டினார். சாணம், மீன் தண்ணீர், ஈ உட்கார்ந்தது, எல்லாம் தெரிந்தும் நாக்கில் வைத்தார்.

உப்பு. கைப்பும் நாற்றமும் கலந்த கடுத்த உப்பு. மூன்று தடவை துப்பினார். துப்பின வாயை முண்டுத் தலைப்பால் துடைத்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வாழ்நாளெல்லாம் அந்த மட்டை ஊறினது உப்புக் காயலில். குன்று கிடந்தது உப்பங்கழிக் கரையில். அந்தக் குன்றில் ஒரு புல் முளைத்து அவர் பார்த்ததில்லை, கொட்டகைத் தாழ்வாரத் தண்ணீர் விழுகிற ஓரத்தைத் தவிர. அங்கே மட்டும் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களை ஆள் உயரம் நிற்கும். மழைத் தண்ணீர் உப்பைக் கழுவிக் கொண்டுபோன இடத்தில் மட்டும்! இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே பீடி பிடித்திருக்கிறார்.

நிஸார் கடைக்குப் போய் அந்தக் கட்டியை வாங்கினால் வேலை முடிந்தது. சுலோசனாவும் அதைத்தான் சொன்னாள். "போங்களேன், யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல?" என்றார் வாசவன்.

கிணற்றுத் தண்ணீர் கோடையில் கரிக்கும், அது உதவாது. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற விடியற்காலையில் எழுந்து ட்ரம் ட்ரம்மாகப் பிடித்தார். குன்றிலிருந்து புதிதாகத் தூள் அள்ளி வந்தார். பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றில் போட்டு, தண்ணீர் விட்டு, உள்ளே இறங்கி மிதித்தார். கழுவின தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி, மறுபடி. முழங்கால் வரை கறுப்பு. கால் நகத்துக்குள் அந்தப் பழைய அழுகல். எந்தத் தண்ணீரிலிருந்து கரையேற ஓர் ஆயுளைக் கொடுத்தாரோ அதே தண்ணீரில், சொந்தக் காசில் கட்டின மாடியில், அறுபத்தெட்டு வயதில் மறுபடி நிற்கிறார். அவருக்குத் தன் காலைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டார்.

வடித்த தண்ணீர் மாடிக் குழாய் வழியாகத்தான் போகிறது என்று நினைத்திருந்தார். குழாய் தூளால் அடைத்துக்கொண்டு, பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் அது முன்பக்கச் சுவரில் வழிந்திருக்கிறது. விஷுவுக்கு வெள்ளையடித்த சுவர்.

"என் வீட்டு முகத்துல பேதி போன மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க!" ஷைனி முற்றத்தில் நின்று கத்தினாள். "தெருவில எல்லாரும் கேக்கறாங்க!"

"உன் வீடா? கட்டினது யாரு மோளே?"

"கட்டினவரே கெடுக்கலாமா?"

மறுநாள் ஏணி வைத்து, முட்டி கடகடக்க ஏறி, சுவரைத் தேய்த்துக் கழுவினார். கறை முழுக்கப் போகவில்லை.

நாக்கில் வைத்து உப்புக் கரிக்காத வரைக்கும் கழுவினார். செம்மண்ணில் சுண்ணாம்பைத் தனியாகக் கலந்து, நனைத்து மூடிப்போட்டு, இரண்டு வாரம் தொடவில்லை. கை பரபரக்கும், பின்னால் கட்டிக்கொள்வார். சாணத்தை வறட்டி மாதிரி காயவிட்டு நொறுக்கினார். பிறகு மண் ஒரு பங்கு, தூள் ஒரு பங்கு, சாணம் ஒரு பங்கு, பிடிப் பிடியாகப் புண்ணாக்கும் எலும்புத்தூளும். புரட்டி, ஒரு கை அள்ளிப் பிடித்தார். உருண்டை நின்றது, விரலால் தட்டினதும் உதிர்ந்தது. முகர்ந்தார். வாடை ஒன்றுமே இல்லை. இத்தனை நாளில் அந்த மாடியில் நாறாத பொருள் அது ஒன்றுதான்.

கோடை மழை ஒன்றிரண்டு தூறிய நாட்களில் சீரை எழும்பியது. இலை பச்சை இல்லாமல் முழுச் சிவப்பு, தண்டு விரல் பருமன். பன்னிரண்டு பை நிறைய. ஜோஷி அளவு நாடாவோடு வந்த அன்று காலைதான் வாசவன் அரிவாளை எடுத்தார். சுலோசனா தேங்காயும் காந்தாரி மிளகாயும் இடித்துப் போட்டுத் தோரன் என்கிற பொரியல் வைத்தாள். மதியம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அஜயன் போனில், சுவரில் சாய்த்து வைத்த திரையில் இருந்தான்.

ஷைனி தட்டைப் பார்த்தாள். சோறு ரத்தச் சிவப்பாகிக் கிடந்தது.

"எனக்கு வேண்டாம். அந்தப் புழு கண்ணு முன்னால நிக்குது."

"எல்லாரும் சாப்பிடணும்னுதான் பேச்சு" என்றான் அஜயன்.

"நீங்க அங்க உக்காந்து குழிமந்தி பிரியாணி தின்னுட்டு எனக்குச் சட்டம் சொல்லாதீங்க."

வாசவன் கையில் உருட்டின சோறு அப்படியே நின்றது. இவள் சாப்பிடாவிட்டால் மாடி போயிற்று. கெஞ்சினால் மானம் போயிற்று. கடைசியில் ஒரே வரி சொன்னார்.

"மீன் தண்ணி இதுக்குத் தெளிக்கல."

"சத்தியமா?"

"அத முகந்தா எனக்கே வாந்தி வருது. அப்புறம் எங்க தெளிக்க?"

சுலோசனா புரை ஏறி இருமினாள். ஷைனி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து விழுங்குகிற மாதிரி ஒரு பிடி விழுங்கினாள். மென்றாள். இன்னொரு பிடி எடுத்தாள், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள்.

"உப்பு கம்மியா!" வாசவனுக்கு அதைவிடப் பெரிய விருது யாரும் கொடுக்க முடியாது. தட்டைத் தூக்கிப் போனில் காட்டினார்.

சாப்பிட்டு முடித்து ஷைனி ஜோஷியோடு மேலே வந்தாள். "பேச்சுப்படி கூரை முழுக்க வேண்டாம் அச்சா. ஆனா என் ரூம் ஒழுகுது. அதுக்கு மேல மட்டும் போட்டுக்கறேன்."

கேட்கிற விதத்தில் கேட்டால் வாசவன் கல்நெஞ்சர் இல்லை. சுண்ணாம்புச் சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மாடிக்குக் குறுக்கே குனிந்து நடந்து வெள்ளைக் கோடு ஒன்று இழுத்தார்.

"இதுக்கு அந்தப் பக்கம் உன்னுது. இந்தப் பக்கம் ஒரு தூண் வரக்கூடாது. ஜோஷி, பாத்துக்கடா."

"சரி முதலாளி" என்றான் ஜோஷி, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

ஷைனி கோட்டைப் பார்த்தாள். மத்திப் பீப்பாய் அவள் பக்கத்தில் நின்றது. காலால் அதைத் தள்ளித் தள்ளிக் கோட்டுக்கு மாமனார் பக்கம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.