மூணாம் தரத்துக்கு முன்னால்

என் அக்காவுக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று, மீன் ஏலம் விடுகிற குரல். எங்கள் குப்பத்தில் அந்தக் குரல் கிளம்பினால், தூரத்தில் கடற்கரைக் கோயிலைப் படமெடுத்துக்கொண்டிருக்கிற வெள்ளைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவது, மாமல்லபுரத்தில் ஒரு டூர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளாகத் தயாரித்துக்கொண்டது. சீப்பை மைக் மாதிரி வாயருகில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். "அன்பார்ந்த பயணிகளே" என்று ஆரம்பிக்கும். வெந்நீரில் நனைத்த பஞ்சு போல இருக்கும்.

"இன்னாக்கா, ரேடியோவ முழுங்கிட்டியா?" என்று கேட்டேன். சீப்பு பறந்து வந்தது. நான் குனிந்துகொண்டேன்.

சிறு பெண்ணாக இருந்தபோதே அம்மாவோடு கரையில் நின்று ஏலம் விட்டவள் அவள். படகு வந்ததும் கூடையை மணலில் கவிழ்ப்பார்கள். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். அக்கா ஒரு தரம் என்பாள், இரண்டு தரம் என்பாள். சுற்றியிருக்கிற பெண்களும் அதையே திருப்பிக் கத்துவார்கள். மூணாம் தரம் போட்டாகிவிட்டால் அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் மீன் கிடையாது. வேண்டுமென்றால் அதற்கு முன்னால் குரல் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் டூர் ஆபீஸில் அவள் மூச்சு விட்டதில்லை.

இரண்டு வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து, கைடு வேலை கேட்டுக்கொண்டே இருந்த பிறகு முதலாளி ஒரு நாள் இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு பஸ் தரேன். ஒரே நாள்ல ஸ்ரீரங்கம் போயிட்டு வரணும். கைடு நீதான். ஒருத்தர்கூட கொறையக் கூடாது, ஒரு கம்ப்ளெயின்டுகூட வரக் கூடாது. அப்படிக் கொண்டாந்து எறக்கிட்டா, வாராவாரம் ஞாயித்துக்கெழம பஸ்சு உன்னுது. இல்லனா பேசாம டிக்கெட்டு கிழிச்சிகினு ஒக்காரு."

துணைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, சம்பளம் கேட்காத ஆளாக. நான் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டது. தண்ணீர் பாட்டில் கொடுப்பது, வாந்தி எடுப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் பை நீட்டுவது, வரிசையில் கடைசி ஆளாக வருவது, இதுதான் எனக்கு இட்ட வேலை. பேசக் கூடாது என்பது நிபந்தனை. "சரிக்கா" என்றேன். அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

விடிவதற்கு முன்னால் மாமல்லபுரத்தில் கிளம்பினோம். எங்கள் குப்பத்துப் பெண்கள் பின்சீட்டுகளைப் பிடித்துக்கொண்டார்கள். செங்கல்பட்டில் மீதி பேர் ஏறினார்கள். முதலில் ஏறியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். பின்னாலேயே அவர் மனைவி. சார் உட்காருவதற்கு முன்னாலேயே கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, நீதான் கைடா? டைம்டேபிள்னு ஒண்ணு இருக்கா இல்லையா? பத்து நிமிஷம் லேட். என் சர்வீஸ்ல இப்படி நடந்தா மெமோ குடுப்பாங்க."

"மன்னிக்கவும் சார்" என்றாள் அக்கா, பஞ்சுக் குரலில்.

"மன்னிக்கறதெல்லாம் அப்புறம். சாயங்காலம் உங்க முதலாளிக்கு போன் போடறேன். பஸ்சு எப்படிப் போச்சுன்னு அவருக்குத் தெரியணும் இல்ல?"

அக்கா மைக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். 

பஸ் பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவள் தொடங்கினாள். "அன்பார்ந்த பயணிகளே, வணக்கம். தங்கள் பயணம் இனிதாக அமைய..."

"அக்கா, அடுத்த பாட்டு யாரு விரும்பிக் கேட்டது?" என்று கத்தினேன். பின்சீட்டு மொத்தமும் சிரித்தது. அக்கா பார்த்த பார்வையில் ஒரு கிலோ வஞ்சிரத்தை வறுத்திருக்கலாம்.

மதுராந்தகம் தாண்டுவதற்குள் சாரின் மனைவி என்னிடம் பிளாஸ்டிக் பை கேட்டு வந்தார். வந்தவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முன்சீட்டு வேணாம்பா. அங்க உக்காந்தா டைம் சொல்லியே கொல்றார்" என்றார். சிறிது நேரம் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

"ஏரியில முதலை கீதாம் பெரியம்மா. கைய வெளிய நீட்டாதீங்கன்னு சொல்றாங்க."

என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் ஒரு அடி போட்டார். "பொய் நல்லாருக்கு. இன்னொண்ணு சொல்லு."

விழுப்புரம் தாண்டிக் காலை நாஸ்தா முடிகிற வரைக்கும் அக்கா சொன்ன ஒவ்வொன்றையும் நான் இப்படித்தான் அவருக்கு மொழிபெயர்த்தேன். நடுவில் உண்மையும் ஒன்று சொன்னேன். இந்தப் பஞ்சுக் குரல் வெறும் மேல்சட்டை, உள்ளே இருப்பது ஏலக் குரல், அது கிளம்பினால் பஸ் கண்ணாடி தாங்காது என்று.

"மெய்யாலுமா? எங்க, ஒரு தடவை ஏலம் போடச் சொல்லேன்!"

ஏலம் போடச் சொல்லி அங்கிருந்தே அக்காவைக் கேட்டேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. முன்சீட்டில் சார் திரும்பி, "ஏலமா? இது டூரிஸ்ட் பஸ்ஸா, மீன் மார்க்கெட்டா?" என்றார். அக்கா அதற்குப் பிறகு இன்னும் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

சமயபுரம் தாண்டிக் கொள்ளிடப் பாலம் வந்தது. கலங்கலாகப் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடியது. தூரத்தில் கோபுரம் தெரிந்தது.

"ஸ்ரீரங்கம் ஒரு தீவு" என்றாள் அக்கா. "வடக்கே கொள்ளிடம். தெற்கே காவிரி. இரண்டு ஆறுகளுக்கு நடுவே..."

"தீவுக்கு எவனாச்சும் பஸ்ல போவானா?" என்றேன். "படகு எங்கக்கா?"

"அலையே இல்ல, இதுல இன்னாடீ தீவு?" என்றாள் என் சித்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து. "நம்ம ஊரு ஓடையில இத்தவிட ஆட்டம் ஜாஸ்தி."

"அது கெடக்கட்டும் சித்தி. படுத்துகினு கீற பெருமாளு நம்ம ஊர்லயே கீறாரு. அவரு வெறுந்தரையில படுத்துகினு கீறாரு, இவரு பாம்பு மேல. மெத்தை வித்தியாசத்துக்கா விடிகாலைலேர்ந்து பஸ்ல குலுங்கிகினு வரோம்?"

பெரியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சார்கூடக் கொஞ்சம் சிரித்துவிட்டு, உடனே கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருடைய போனையும் ஒரு பையில் வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். சார் முன்னால், அக்கா அவருக்கும் முன்னால், நான் கடைசியில். பெருமாளை ஒரு நொடி பார்த்தோம். அந்த ஒரு நொடியில் நான் கிண்டல் எதையும் யோசிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். இருட்டில் அவ்வளவு நீளமாக, அவ்வளவு நிம்மதியாக ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

வெளியே வந்ததும் கூட்டம் எங்களைப் பிய்த்துப் போட்டது. பிராகாரத்துக்குள் பிராகாரம், எங்கே திரும்பினாலும் மண்டபம். ரங்கா ரங்கா கோபுரத்துக்கு அருகே கூட வேண்டும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அக்கா விரல் நீட்டி எண்ணினாள். கடைசி ஆளில் வந்து விரல் நின்றது. மறுபடி முதலில் இருந்து எண்ணினாள். விரல் அதே இடத்தில் நின்றது.

"ஒருத்தர் கொறையறாங்க" என்றாள். அது பஞ்சுக் குரலும் இல்லை, மற்றதும் இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் சார். "பஸ்ஸு கிளம்பும்போதே சொன்னேன், இந்தப் பொண்ணு யாரையாவது தொலைக்கப் போறான்னு. சொன்னேனா இல்லையா?" என்று தன் மனைவியிடம் சாட்சி கேட்கத் திரும்பினார்.

அங்கே அவர் இல்லை.

சார் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவே மறந்துபோனார்.

"எனக்குப் பின்னாலதான் வந்துட்டிருந்தா. எப்பவும் பின்னாலதான் வருவா" என்றார். "அவளுக்குக் காது மந்தம்மா. மெஷின் வாங்கிக் குடுத்தேன், போட்டுக்க மாட்டேங்கறா. ஸ்பீக்கர்ல கூப்பிட்டாகூட கொய்ங்னுதான் கேக்கும். போனும் பஸ்ல இருக்கு."

காலையில் இருந்து பெரியம்மா ஏன் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கத்திப் பேசுகிறவன். நான் சொல்லும் பொய் மட்டுமே அவர் காதில் விழுந்திருக்கிறது.

"கவலப்படாத சார், இது தீவுதான? எங்க போயிடப் போறாங்க, சுத்தித் தண்ணிதான்" என்றேன், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "தண்ணியா!" என்று சார் எழுந்தே விட்டார். சித்தி என் தலையில் தட்டினாள்.

இரண்டு பேரை உள்ளே தேட அனுப்பினோம். வெறும் கையோடு திரும்பி வந்தார்கள். அக்கா கை ஸ்பீக்கரை எடுத்து, "செங்கல்பட்டிலிருந்து வருகை தந்திருக்கும்..." என்றாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே அது எட்டவில்லை.  ஞாயிற்றுக்கிழமை பஸ் அவள் கண்ணெதிரே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தக் கொரல எடு" என்றேன்.

"கோயில்டா இது."

"நம்மூரு பெருமாளு தெனம் படுத்துகினே ஏலம் கேக்கறாரு. இவரு மட்டும் வேணாம்னா சொல்லப்போறாரு? எடுக்கா!"

சாரைப் பார்த்தாள். அவர் கை கூப்பினார். அக்கா ஸ்பீக்கரை என் கையில் திணித்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கோபுரத்தைத் தாண்டிக் கடைவீதி தெரிகிற பக்கமாகப் போய் ஒரு கல்மேடையில் ஏறினாள்.

"ஏஏஏய்... வா வா வா வா! செங்கல்பட்டு பஸ்சே! கரைக்கு வந்தாச்சு, கூடை கவுத்தாச்சு! சீட்டு ஒண்ணு காலியா கீது, சாரு ஒண்டியா நிக்கறாரு! வந்து எடுத்துக்கோ பெரியம்மா! ஒரு தரம்!"

கோபுரத்தில் இருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. பூ விற்றவள் கை அப்படியே நின்றது. எங்கள் குப்பத்துப் பெண்கள் யாரும் சொல்லித்தராமலே ஒன்றாகக் கத்தினார்கள்.

"ஒரு தரம்!"

"சாரு கண்ணு கலங்கறாரு, டைம் பாக்கக்கூட மறந்துட்டாரு! கேளு கேளு! ரெண்டு தரம்!"

"ரெண்டு தரம்!"

அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். அடுத்ததற்கு வாயைத் திறக்கிற நேரத்தில், கடைவீதியில் ஒரு வளையல் கடைக்குள் இருந்து ஒரு கை உயர்ந்தது. முழங்கை வரை பச்சை வளையல்.

"இரு! இரு! மூணாம் தரம் போட்டுடாதே! இதோ வந்துட்டேன்!"

வீதியே கை தட்டியது. பெரியம்மா வளையல் குலுங்க ஓட்டமும் நடையுமாக வந்தார். கடைக்காரர் காசுக்காகப் பின்னாலேயே ஓடி வந்தார்.

"மணி என்ன தெரியுமா?" என்று சார் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வளையலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க திரும்பிப் பாக்காம முன்னால போயிட்டீங்க. நான் வளையல் பாத்துட்டு நின்னேன்" என்றார் பெரியம்மா. பிறகு அக்காவின் கன்னத்தைத் தொட்டார். "காலைலேர்ந்து இப்பதாம்மா நீ பேசறது என் காதுல விழுது. இவ்வளவு நல்ல குரலை வச்சுக்கிட்டு அந்தக் குழாயில என்னத்த முணுமுணுத்துட்டிருந்தே?"

அதற்குப் பிறகு அக்கா மைக்கைத் தொடவே இல்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில், "காவிரிமா இது! ஆழத்துக்குப் போவாத! சித்தி, உன்னத்தான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எங்கள் ஆட்களோடு வேறு ஊர்க்காரர்களும் கரையேறினார்கள். சித்தி ஒரு வாய் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, "உப்பே இல்லடீ, பத்தியச் சோறு மாரி கீது" என்றாள்.

திரும்பும்போது பெரம்பலூர் தாண்டி, வெளிச்சம் குறைகிற நேரத்தில் சார் எழுந்து நின்றார். போனைக் கையில் எடுத்தார்.

"உங்க முதலாளி நம்பரைப் போடு" என்றார் அக்காவிடம்.

 அக்கா நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். சார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இருந்து பேசுவதாகச் சொன்னார்.

"சார், சொல்லுங்க. யாராச்சும் கொறையறாங்களா?" என்றது முதலாளியின் குரல்.

"இல்லை. குறைய விடலை."

"கம்ப்ளெயின்ட் ஏதாச்சும்?"

"ஒண்ணு இருக்கு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த மைக்கு. அதை இந்தப் பொண்ணுகிட்டேர்ந்து பிடுங்கிடுங்க. தேவையில்லாத செலவு. அடுத்த ட்ரிப் எங்க போனாலும் முன்சீட்டு ரெண்டு எனக்கு."

"முன்சீட்டு வேணாம்!" என்று, நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பின்னால் இருந்து பெரியம்மா கத்தினார். "எனக்கு இங்கயே, இந்தப் புளுகன் பக்கத்துல!"

பஸ் சிரிப்பில் வெடித்தது. "முன்சீட்டு ஒண்ணு காலி! யாருக்கு வேணும்? ஒரு தரம்!" என்று அக்கா ஆரம்பித்துவிட்டாள். ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். டிரைவர் ஹாரனிலேயே தாளம் போட்டார். போனுக்குள் முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாமா அங்க சத்தம்? இன்னா நடக்குது?"

நான் ஓடிப்போய் சார் கையில் இருந்த போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாத்த, ஞாயித்துக்கெழம பஸ்சு ஏலத்துல கீது. எங்கக்கா கேட்டுட்டாங்க. ஒரு தரம், ரெண்டு தரம். உனக்கு எதுனா சொல்லணும்னா இப்பவே சொல்லிடு."

 அந்தப் பக்கம் முதலாளி சிரிப்பது கேட்டது.

"போட்றா" என்றார்.

மூணாம் தரத்தை நான் போடவில்லை. பஸ் மொத்தமும் சேர்ந்து போட்டது. அதில் சாரின் குரல்தான் கொஞ்சம் முந்திக்கொண்டது.