ஆறாவது பிடி

திம்னாளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஒளித்து மறைத்துப் பேச எனக்கு வராது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் ஏதோம் தேசத்துக்காரி. பஞ்சத்தில் பெற்ற தகப்பனே விற்றுவிட, பத்து வயதில் எங்கள் அல்மோன் ஊருக்கு அடிமையாக வந்தவள். நான் இஸ்ரவேல் குலத்தில் பிறந்தவள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கூலிக்கு மாவரைக்கிறவள். கர்த்தருக்குப் பலியிடும் ஆசாரியர் பில்கா வீட்டு முற்றத்தில், ஒரே திரிகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பதினோரு வருஷம் அரைத்தோம். சாப்பாட்டு வேளை வந்தால் அவள் வீட்டுக்குள் போவாள். நான் வாசலுக்கு வெளியே போவேன்.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஜனங்கள் களத்திலிருந்தும் தொழுவத்திலிருந்தும் கொண்டுவந்து கொடுக்கிற பரிசுத்தப் பங்கை ஆசாரியர் சாப்பிடலாம், அவர் குடும்பம் சாப்பிடலாம், அவர் விலைக்கு வாங்கிய அடிமையும் சாப்பிடலாம். கூலிக்காரி வாயில் வைக்கக் கூடாது. அவள் அந்நியள். அந்தக் கோதுமையை அரைப்பது நான், மாவாய்ப் போவது என் தோள்பட்டை, தின்பது அவள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது.

"என்னடி ஓக்லா, இன்னைக்கும் வெங்காயந்தானா?" என்று உதட்டு எண்ணெயைத் துடைத்துக்கொண்டே வருவாள்.

"வெங்காயம்னாலும் என்னோடது. நீயே உன்னோடது இல்லையேடி!"

"அதுக்கென்ன, வயிறு என்னோடதுதானே? அது நெறஞ்சிருக்கு" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் திரிகைக் கல்லைத் தூக்கி மண்டையில் போடலாமா என்றிருக்கும்.

ஆனால் அவள் உழைப்பைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பில்காவின் மனைவி பிள்ளை பெற்ற ஏழாம் நாள் ஜுரத்தில் செத்தபோது திம்னாளுக்குப் பதினாலு வயது. யாகீம் என்ற அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கி, ஊட்டி வளர்த்தது அவள்தான். அவனும் வளர்ந்து ஆசாரிய வேலைக்கு எருசலேம் போனான். வருஷத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்ப்பான். பில்காவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்த பிறகு, அந்தப் பெரிய உடம்பைப் புரட்டித் துடைத்துக் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். மூன்று வருஷம், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய அன்று காலை கிழவர் எங்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். வாய் கோணியிருந்தாலும் பேச்சு புரிந்தது.

"ஓக்லா, நீ கேட்டுக்கோ. திம்னா, இன்னையிலேருந்து நீ என் அடிமை இல்ல. உன் வழி உன்னோடது. யாகீம் வரட்டும், ஊர் வாசல்ல மூப்பர்கிட்டயும் சொல்லிடறேன்."

திம்னாள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவர் வாயைத் துடைத்துவிட்டாள். மத்தியானம் உள்ளே அப்பக் கூடைக்கு முன்னால் போய் நின்றவள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அடிமையாக இருந்தவரைதான் அந்த அப்பம் அவளுக்கு உரிமை. காலையோடு அது போயிற்று. வாசலுக்கு வெளியே வந்து என் எதிரில் நின்றாள்.

"ஓக்லா, ஒரு துண்டு குடேன்."

"வாங்க மகாராணி, வாங்க!" என்றேன். பதினோரு வருஷ எரிச்சல், விடுவேனா? ஆனால் அவள் வழக்கமான சிரிப்பு இல்லாமல் இரண்டு கையையும் ஏந்தினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்பத்தை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியைக் கொடுத்தேன்.

"விடுதலைன்னு சொன்னாரில்ல, கெளம்பிப் போயேன்டி."

"நான் போயிட்டா யாருடி ஊட்டுவா? ஒரு வாய் முழுங்கவே அவருக்கு அரை நாழி ஆவுது."

அப்படி இருபது நாள். நிறைந்த பானைகள் இருக்கிற வீட்டில் அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடந்தாள். என் அரை வயிறும் கால் வயிறானது. இருபதாம் நாள் கிழவர் போய்விட்டார். மகன் வந்து சேர்ந்தபோது பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை.

துக்கம் ஏழு நாள் முடிந்தது. எட்டாம் நாள் காலையில் கிணற்றடியில் தீரு பட்டணத்து வியாபாரிகள் கழுதைகளோடு தங்கியிருந்தார்கள். யாகீம் போய்ப் பேசிவிட்டு வந்து, "திம்னா, துணிய மூட்டை கட்டிக்கோ. உச்சி வெயிலுக்குள்ள அவங்களோட கெளம்பணும்" என்றான். தீருவுக்கு விற்கப்பட்டவள் கப்பலேறி எந்தக் கரைக்குப் போவாளோ, யார் கண்டது?

"சின்ன ஐயா, பெரியவர் என்னை விடுதலை பண்ணிட்டாரு."

"செத்தவர் வந்து சொல்வாரா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நெனைக்காத" என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வாரக் கூலியாக அப்போதுதான் வாங்கிய வாற்கோதுமையை மடியில் முடிந்துகொண்டு ஊர் வாசலுக்கு ஓடினேன். ஊர் வழக்கைத் தீர்க்கிற மூப்பர் ஏலோனின் காலைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் யாகீமையும் திம்னாளையும் கூப்பிட்டனுப்பினார்.

வாசலில் நல்ல கூட்டம். அறுப்புக் காலமாதலால், ஆசாரியர் பங்கைக் கழுதையில் ஏற்றிவந்த விவசாயிகளும் நின்றுவிட்டார்கள். ஏலோன் என் சாட்சியைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒரு வாய்ச் சொல்லு போதாதும்மா. ரெண்டு சாட்சி வேணும்."

கிணற்றடியில் கழுதைகளுக்குச் சுமை ஏற்றுகிற சத்தம் கேட்டது.

ஏலோன் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு திம்னாளைப் பார்த்து, "பெரியவர் அப்படிச் சொன்னதுலேருந்து அவர் போற வரைக்கும், அந்த இருபது நாளும் நீ என்ன தின்ன?" என்றார்.

"ஓக்லாளோட அப்பம் ஐயா. வீட்டுல ஒரு பருக்கை தொடல."

"நெறஞ்ச வீட்டுல அடிமை எதுக்குப் பட்டினி கெடக்கணும்?" என்று கூட்டத்தைப் பார்த்தார் ஏலோன். "இவ வாய் பரிசுத்தப் பங்கைத் தொடலன்னா, அதையே ரெண்டாவது சாட்சியா நான் எடுத்துப்பேன்."

யாகீம் அசரவில்லை. மெதுவாக முன்னால் வந்தான்.

"திம்னா, என் தகப்பனாருக்கு நீதானே கஞ்சி ஊட்டுன?"

"ஆமா ஐயா."

"என்னையும் நீதான் ஊட்டி வளத்த. எனக்குத் தெரியாதா? சூடு பாக்காம ஒரு வாய் நீ யாருக்கும் ஊட்ட மாட்ட. உதட்டுல வெச்சு, நாக்கு நுனியால தொட்டுப் பாத்துட்டுத்தான் ஊட்டுவ. அந்தக் கஞ்சி பரிசுத்தத் தானியம். கர்த்தர்மேல ஆணையிட்டுச் சொல்லு, இருபது நாள்ல ஒருதரம்கூட உன் நாக்கு அதத் தொடலயா?"

பாவி! அவள் அவன்மேல் வைத்த பாசத்தையே கத்தியாகத் தீட்டி நீட்டுகிறான். நான் பார்த்திருக்கிறேன், தினமும் பார்த்திருக்கிறேன். அதில் தப்பு என்று ஒன்று இருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. 'இல்லைன்னு சொல்லிடுடி' என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் சொல்லாவிட்டால் நானே பொய்யாணை இடத் தயாராக வாயைத் திறந்தேன்.

"தொட்டுச்சு" என்றாள் திம்னாள். "நெனச்சுப் பண்ணல. முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம், நாக்கு தானாப் போயிடுச்சு."

"கேட்டீங்களா?" என்று யாகீம் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "தின்னிருக்கா. அடிமையாத்தான் தின்னிருக்கா. வழக்கு முடிஞ்சுது."

அப்போது திம்னாள் என் பக்கம் வந்து குனிந்தாள்.

"ஓக்லா, உன் மடியில இருக்கறத எனக்குக் குடுப்பியா?"

"எடுத்துக்கோடி" என்று முடிச்சை அவிழ்த்தேன். ஏன் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு பிடி வாற்கோதுமையை அள்ளிக்கொண்டு யாகீமுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அந்நியர் தெரியாம பரிசுத்தப் பங்கைத் தின்னுட்டா, தின்னதயும் அதோட அஞ்சுல ஒரு பங்கையும் சேத்து ஆசாரியர் கையில குடுக்கணும். அதானே சட்டம்? என் நாக்கு தொட்டதெல்லாம் சேத்தா அஞ்சு பிடி இருக்கும். மேல ஒரு பிடி. மடியப் பிடிங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடிமைக்கு ஏது ஐந்திலொன்று? அந்நியர்தானே அதைக் கொடுக்க வேண்டும்! அவன் வாங்கினால் அவள் அந்நியள், விடுதலையானவள்.

யாகீமின் முகம் வெளுத்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "அடிமை கையில இருக்கறது எசமானோடது. என் தானியத்த எனக்கே குடுக்கறாளா?"

"அதெப்படி உன்னோடதாகும்?" என்று கத்தினேன். "என் கூலி அது! விடுதலையானவளுக்குத்தான் குடுத்தேன். அவ அடிமைன்னா இப்பவே திருப்பி எடுத்துக்கறேன், தொட்டுப் பாரு!"

யாரோ சிரித்தார்கள். ஏலோன் கையை உயர்த்தினார்.

"ஆசாரியரே, நல்லா யோசிச்சுக்கோங்க. தப்பாத் தின்னத ஒருத்தி திருப்பிக் குடுக்க வர்றா, ஆசாரியர் வாங்க மாட்டேங்கறார். அதோ கழுதையோட நிக்கறாங்களே, அவங்க பாத்துட்டிருக்காங்க. திருப்பிக் குடுக்கறதே வேணாம்னா, குடுக்கறது மட்டும் எதுக்குன்னு நாளைக்குக் கேப்பாங்க."

ஒரு விவசாயி கழுதையின் கயிற்றை மெல்ல இழுத்து, திரும்பிப் போகிறவன்போல நின்றான். அல்மோனில் ஒவ்வொரு ஆசாரியர் வீட்டு அடுப்பும் அந்தக் கழுதைகளை நம்பித்தான் எரிகிறது. கூட்டத்திலிருந்த மற்ற ஆசாரியர்கள் யாகீமை முறைத்தார்கள். "வாங்கித் தொலைங்க ஐயா" என்றார் ஒருவர்.

யாகீம் மடியைப் பிடித்தான்.

நான் என் மடியை விரித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பிடியையும் நன்றாக நிறைத்துப் போட்டாள். ஐந்தாவது விழுந்ததும் அவன் மடியைச் சேர்த்து மூடப் பார்த்தான்.

"இன்னொண்ணு" என்றார் ஏலோன்.

ஆறாவது பிடியும் விழுந்தது. மூப்பர் எழுந்து நின்று, "எல்லாரும் பாத்தீங்க. இவ யாருக்கும் அடிமை இல்ல" என்றார். வியாபாரிகளிடம் சொல்ல ஒருவன் கிணற்றடிக்கு ஓடினான். நான் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

யாகீம் முதலில் என் பக்கம் திரும்பினான். "நாளையிலேருந்து நீ என் திரிகையத் தொட வேணாம்."

"தொட மாட்டேன்" என்றேன். மடியில் மிச்சமிருந்தது இரண்டு பிடி. பயமாகத்தான் இருந்தது.

அவன் பிறகு அவளைப் பார்த்தான். கோபத்தோடு தொடங்கிய குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. "இன்னைக்கு எதத் தின்னுவ திம்னா? நாளைக்கு?"

நாற்பது வருஷமாக அந்த வீட்டில் 'ஐயா' போடாமல் வாய் திறக்காதவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"தெரியல, யாகீம்" என்றாள். "நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. காலையிலேருந்து ஒண்ணும் தின்னல நீ."