தேவநாதன் மேஸ்திரி கொடுத்த அவுட்

"கடலே பின்வாங்கினாலும் வாங்கும். இந்தத் தேவநாதன் சொன்ன சொல்லு பின்வாங்காது."

இப்படிச் சொன்னவர் தேவநாதனேதான். மரக்காணம் உப்பளத்து மேஸ்திரியான அவருக்குத் தம்மைப் புகழ வெளியாள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. கோபத்திலும் அவர் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. காலையில் கோபித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

எழுபத்துநாலாம் வருஷம் அவர் பேஸ்பால் அம்பயர் ஆனார். இரும்பை கிராமத்துப் பக்கம் தங்கியிருந்த ஓர் அமெரிக்கர், மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடந்தபோது அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, மட்டையையும் பந்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். சட்டதிட்டம் அத்தனையும் தம் தலையில் இறங்கிவிட்டதாக மேஸ்திரி அறிவித்தார். மறுத்துப் பேசுகிறவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டுமல்லவா? யாரும் மறுக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடுகிறவன் போய்ச் சேர வேண்டிய பேஸை எப்போது மிதித்தால் போதும், எப்போது ஆளையே பந்தால் தொட வேண்டும் என்று எல்லாரும் குழம்பியபோது, அவர்தான் விளங்கவைத்தார்.

"கூடையோட வரப்புல வரிசையாப் போறோம். பின்னால வர்றவன் நடந்தா முன்னால இருக்கறவன் நிக்க முடியுமா? போயே ஆவணும். அடிச்சவன் ஓடியாந்தா முன்னால இருக்கறவன் இடத்தைக் காலி பண்ணணும். அந்த மாதிரி நெருக்கடியில ஓடறவனுக்கு, அவன் வர்றதுக்கு முந்தி பந்தோட பேஸை மிதிச்சாப் போதும், அவுட். நெருக்க ஆளில்லன்னா நிப்பான், திரும்புவான், அவன் இஷ்டம். அவனைத் தொட்டாத்தான் அவுட்."

காணும் பொங்கலன்று வடக்கு கோஷ்டிக்கும் தெற்கு கோஷ்டிக்கும் ஆட்டம். ஜெயித்தவர்களுக்கு அந்த வருஷம் ரோட்டோரப் பாத்தி. சமமாக முடிந்தால் ஏற்கெனவே வைத்திருந்த வடக்குக்கே. மற்றவர்கள் கடைசிப் பாத்தியிலிருந்து அரை மைல் உப்புக்கூடை சுமக்க வேண்டும். தெற்கு கோஷ்டி கொளஞ்சியம்மாள் இரண்டு வருஷம் சுமந்து, குதிகால் வெடிப்பில் உப்பேறி நொண்டிக்கொண்டிருந்தாள். ஆடியவன் அவள் புருஷன் அய்யனார். பாத்தி தேவைப்பட்டது அவள் காலுக்கு.

கடைசிச் சுற்று, தெற்கு அடிக்கும் முறை, இரு பக்கமும் சமம். தெற்கில் ஒருவன் அவுட்; மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மணல் அடைத்த கோணிகள்தான் பேஸ். மூன்றிலும் தெற்கு ஆள், மூன்றாவதில் அய்யனார்; அடிப்பவன் நிற்கும் வீட்டுக் கோணியை அவன் தொட்டுவிட்டால் தெற்குக்கு ஜெயம். அடித்த பந்து தரையோடு உருண்டு முதல் கோணியில் நின்ற வடக்கு ஆள் கைக்குப் போனது. அவன் தன் கோணியை மிதித்தான். அடித்தவன் அவுட். உடனே பந்தை வீட்டுக் கோணிக்கு எறிந்தான். அங்கிருந்த வடக்கு கோஷ்டித் தங்கராசு பந்தைப் பிடித்து, கோணியை மிதித்தபடி சிலை மாதிரி நின்றான். அய்யனார் அவன் காலடியில் சறுக்கி வந்து கோணியைத் தொட்டான். தங்கராசு அவனைத் தொடவே இல்லை.

"அவுட்!" என்றார் மேஸ்திரி.

கொளஞ்சியம்மாள் நொண்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். "யோவ் மேஸ்திரி! யாரு மேலய்யா பந்து பட்டுச்சி?"

"படவேணாம்மா. பின்னால நெருக்கடி. மிதிச்சாப் போதும்."

"அடிச்சவன்தான் மொதல்லயே அவுட்டாயிட்டானே! வரப்புல கடைசி ஆளு கூடையை எறக்கி வெச்சிட்டு வூட்டுக்குப் போயிட்டான். அப்புறம் முன்னால இருக்கறவனை எவன் நெருக்கறான்? உங்கப்பனா?"

"ஏ பொம்பள! மட்டையைத் தொட்டிருக்கியா நீ?"

"கூடையைத் தொட்டிருக்கேன். நீ தொட்டிருக்கியா?"

வடக்கு கோஷ்டியே சிரித்துவிட்டது. மேஸ்திரியின் காது மடல் சிவந்தது. நேரே ரோட்டோரப் பாத்திக்குப் போய், வடக்கின் சிவப்புத் துணி கட்டிய குச்சியை ஓங்கி நட்டார். "சொன்னது சொன்னதுதான். பிடிக்காதவன் வேற உப்பளம் பாத்துக்கோ!"

மறுநாள் காலை பாத்திகளில் சேறு வாரும் வேலை. வரப்பில் மேஸ்திரி முன்னால், சேற்றுக்கூடையுடன் கொளஞ்சியம்மாள் பின்னால். அவள் காலடிச் சத்தம் நெருங்க நெருங்க அவர் நடையைக் கூட்டினார். திடீரென்று முதுகுக்குப் பின்னால் தொப்பென்று கூடை இறங்கியது.

மேஸ்திரியின் கால்கள் தாமாக நின்றன.

திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து குதிகாலை அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு தம் கால்களைப் பார்த்தார். நிற்கச் சொல்லி அவற்றுக்கு அவர் உத்தரவு எதுவும் போடவில்லை.

"என்ன மேஸ்திரி, நின்னுட்ட?"

அவர் வரப்பை விட்டு இறங்கி ரோட்டோரப் பாத்திக்குப் போனார். சிவப்புத் துணிக் குச்சியைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தக் குழியிலேயே தெற்கின் நீலத் துணிக் குச்சியை நட்டார். ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார்.