சிவப்பு மையால் அடித்த வரி

ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் மிஸ் கரும்பலகையில் மூன்று வார்த்தைகளை எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதிவரச் சொன்னார். ரிமெம்பர், ரிமைண்ட், யூஸ்டு டு. நாமாக நினைத்துக்கொண்டால் முதலாவது, பிறர் நினைவூட்டினால் இரண்டாவது. மூன்றாவதை விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. பள்ளிக்கூட மணி எனக்குச் செய்த ஒரே துரோகம் அதுதான்.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் சேர்த்து ஞாபகம் என்று ஒரே வார்த்தைதான். முதல் இரண்டை எப்படியோ சமாளித்தேன். மூன்றாவது எனக்குத் தெரியும் என்றே நம்பினேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அவருக்குத் தோட்ட வேலை. லீவு நாளில் நானும் கூடப் போவேன். அங்கே தினமும் காலையில் நடக்கிற ஓர் ஆபீசர், எதிரே வருகிறவர்களிடமெல்லாம் "ஐ யூஸ்டு டு வாக் டெய்லி" என்று சொல்லிக்கொண்டே நடப்பார். அவ்வளவு படித்தவர் தப்பாகவா பேசுவார்? ஆக, வழக்கமாகச் செய்வதுதான் யூஸ்டு டு. அம்மா எனக்குத் தலை பின்னிவிடுவாள் என்ற அர்த்தத்தில், மை மதர் யூஸ்டு டு பிளெய்ட் மை ஹேர் என்று எழுதிக்கொண்டு போனேன்.

அம்மா அப்போது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். மூன்று வாரமாக அத்தைதான் எனக்குப் பின்னினாள், மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். அம்மா எப்போது வந்து இறுக்கிப் பின்னப்போகிறாள் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நோட்டைத் திருத்திய மிஸ் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கோபமே வராது, கிண்டல்தான் வரும்.

"உங்கம்மா இருக்காங்கல்லா?" என்றார். தலையாட்டினேன். "இருக்கிறவங்களுக்கு யூஸ்டு டு போடலாமா? முன்னால செஞ்சாங்க, இப்ப இல்லன்னு அர்த்தம். ஒரே வார்த்தையில பெத்த தாயக் கொன்னுட்டியே பிள்ள."

வகுப்பே சிரித்தது. மிஸ் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, மை மதர் பிளெய்ட்ஸ் மை ஹேர் என்று மேலே எழுதினார். அதை இருபத்தைந்து முறை எழுதி வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்.

நான் நோட்டு தீரும்வரை எழுதினேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தப்பான வரியால் அம்மாவைக் கொன்றிருந்தால், சரியான வரியால் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். விரல் மரத்துப்போனபோது அழுதுகொண்டே எழுதினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நைனா செங்கல்பட்டிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றாமல் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நோட்டையும் பேனாவையும் நீட்டினேன்.

"இன்னாம்மா இது, எல்லாம் ஒரே மாரி கீது?"

அம்மா எனக்குத் தலை பின்னுகிறாள் என்று அர்த்தம் சொன்னேன். முதலில் எழுதியது தப்பு, மிஸ் அடித்துவிட்டார் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நைனா கேட்டார். மிஸ் சொன்னதை ஒப்பித்தேன்: முன்னால் பின்னினாள், இப்போது இல்லை.

"அது எங்க கீது, காட்டு" என்றார் நைனா. பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அடித்திருந்த வரிமேல் விரலை வைத்துத் தடவினார். அதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார். அங்கே இல்லை நைனா, கடைசிப் பக்கத்தில் போட வேண்டும் என்றேன்.

"இருக்கட்டும்மா" என்று நோட்டை மூடிவிட்டார்.

மறுநாள் மிஸ், தப்புக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறாயே என்றார். வகுப்பு மறுபடி சிரித்தது. நைனாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று முந்தின நாளே டாக்டர் நைனாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. நான் எழுதியது பலித்துவிட்டது என்று துள்ளினேன். சீப்பை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவள் கை என் தலைக்கு வந்தது. பின்னவில்லை. அங்கேயே கிடந்தது.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள்.

சரியான வரிக்குக் கையெழுத்து விழவில்லை, அதனால்தான் போனாள் என்று நான் முடிவுகட்டினேன். நைனாவுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தால் அம்மா இருந்திருப்பாள். அந்த வருஷம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த வரியைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.